மலையடிவாரத்திலிருந்து சேதுக்கரை வரை: கூமாப்பட்டியில் தொடங்கும் ஆறு நாள் கார் யாத்திரை

விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்பு வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் அமைந்துள்ள ஊர் கூமாப்பட்டி. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சமூக ஊடகக் காணொளிகளின் வாயிலாக இவ்வூரின் பெயர் தமிழகம் முழுவதும் பரவியது. பசும் வயல்களையும் தென்னந்தோப்புகளையும் நீர்நிலைகளையும் திரையில் கண்ட வெளியூரார் கார்களிலும் இருசக்கர வாகனங்களிலும் திரண்டு வந்தனர். பிளவக்கல்லில் உள்ள பெரியாறு, கோவிலாறு அணைகளில் இறங்கிக் குளிக்கலாம் என்று நம்பி வந்தவர்கள், அதற்கு அனுமதியில்லை என்னும் அறிவிப்பைக் கண்டு ஏமாற்றத்துடன் திரும்பினர். இடத்தைப் பற்றி விசாரியாமல் புறப்பட்ட பயணம் எப்படி முடியும் என்பதற்கு அது ஒரு சிறு உதாரணம்.

கூமாப்பட்டிக்கு வருவோரைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அங்கிருந்து புறப்படுவோரைப் பற்றிப் பேசப்படவில்லை. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிக் குடும்பங்களில் பெரியவர்களுக்கு நெடுநாள் ஆசை ஒன்று உண்டு. நெல்லைச் சீமைத் திருத்தலங்களைத் தரிசித்து, குமரிமுனையில் நீராடி, திருச்செந்தூர் முருகனை வணங்கி, சேதுவில் முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைத்து வர வேண்டும் என்பதே அது. முன்னாட்களில் ஊரார் சேர்ந்து வேன் அமர்த்திச் செல்வார்கள். இப்பொழுது மகனோ மருமகனோ ஓட்டும் கார் வாசலிலேயே நிற்கிறது. ஆனால் வண்டி வந்து சேர்ந்த காலத்தில் பெரியவருக்கு எழுபதோ எழுபத்தைந்தோ ஆகிவிடுகிறது. மூட்டு வலி, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவையும் உடன் பயணம் செய்கின்றன. இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இயலாத பயணம் இது. ஆகவேதான் திட்டத்தில் கவனம் தேவைப்படுகிறது.

பெரும்பாலோர் செய்வது என்ன? மூன்று நாள் விடுமுறை கிடைத்தவுடன் கைபேசி வரைபடத்தில் ஊர்களை வரிசையாகக் குறித்துவிடுகிறார்கள். வரைபடம் தூரத்தைச் சொல்லும், நேரத்தையும் ஓரளவு சொல்லும். நண்பகலில் சந்நிதி நடை சாத்தப்படுவதை அது கணக்கில் கொள்வதில்லை. புலிகள் காப்பகத்துச் சோதனைச் சாவடியில் அந்தி சாய்ந்தபின் தடுப்புக் கம்பம் இறங்கிவிடும் என்பதும் அதற்குத் தெரியாது. பாட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்த வேண்டும் என்பதும் அப்படியே. விளைவு, பன்னிரண்டரை மணிக்கு ஒரு கோயில் வாசலில் வந்து நின்று, நான்கு மணி வரை காருக்குள் காத்திருந்து, இழந்த நேரத்தை ஈடுகட்ட இரவில் விரைந்து ஓட்டுவதாக முடிகிறது. விபத்துச் செய்திகளில் 'கோயிலுக்குச் சென்று திரும்பிய குடும்பம்' என்னும் சொற்றொடர் அடிக்கடி இடம்பெறுவதற்கு இந்த அவசரமே பெருங்காரணம்.

கூமாப்பட்டியில் புறப்பட்டு, தென்காசி, பாபநாசம், திருக்குறுங்குடி, கன்னியாகுமரி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் ஆகியவற்றைச் சுற்றிவர ஏறத்தாழ 900 கிலோமீட்டர் ஆகும். ஆறு நாட்கள் ஒதுக்கினால் நாளொன்றுக்குச் சராசரி 150 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 60 லிட்டர் எரிபொருள் போதுமானது. மூன்று நாளில் முடித்தாலும் இதே 60 லிட்டர்தான். கூடுதல் மூன்று நாட்களுக்கான அறை வாடகையே உண்மையான அதிகச் செலவு. அதை வீண் செலவென்று கருதுவோர் மருத்துவமனைச் செலவையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

திட்டத்திலிருந்து முதலில் நீக்க வேண்டியது சதுரகிரி. 'பக்கத்திலேயே இருக்கிறது, புறப்படும் அன்று காலையில் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசித்துவிட்டுச் செல்லலாம்' என்று சொல்வோர் உண்டு. தாணிப்பாறையிலிருந்து ஓடைகளையும் பாறைகளையும் கடந்து நடந்தே ஏற வேண்டிய மலை அது. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். மலையில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. சதுரகிரிக்கு அதற்கென்றே ஒரு நாளை, வனத்துறை அனுமதிக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, தனியாக ஒதுக்குவதே முறை.

முதல் நாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த தலத்தில், நந்தவனத்தில் துளசிச் செடியின் அருகே கோதை கண்டெடுக்கப்பட்ட இடத்தை வணங்கிவிட்டுப் புறப்படுவதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. 192 அடி உயரமும் பதினொரு நிலைகளும் கொண்ட வடபத்ரசாயி கோபுரம் வெகு தூரத்திலேயே தெரியத் தொடங்கிவிடும். நகருக்கு மேற்கே, செண்பகத்தோப்பில் மலைக்காடு ஆரம்பமாகிறது. சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக 1988-இல் இங்கு சரணாலயம் அமைக்கப்பட்டது. வீட்டு முற்றத்து அணிலைப் போலன்றி, பூனை அளவுக்கு நீண்டு, மரக்கிளைகளிலேயே வாழ்ந்து, கிளைவிட்டுக் கிளை தாவும் பிராணி இது. மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் இதனால் பிழைக்க முடியும். 2021-ஆம் ஆண்டில் இச்சரணாலயமும் மேகமலையும் இணைந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில், தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயின. காட்டழகர் சந்நிதிக்குச் செல்ல விரும்புவோர் வனத்துறையின் அனுமதியை முன்னதாகவே பெற வேண்டும். பெரியவர்களுடன் செல்வோர் அடிவாரத்துப் பேச்சியம்மனை வணங்கித் திரும்புவதே நன்று.

அங்கிருந்து ராஜபாளையம் வழியாகச் சங்கரன்கோவில். நடை சாத்துமுன் சேர்ந்துவிட்டால் சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதி அம்மன் ஆகிய மூவரையும் நிதானமாகத் தரிசிக்கலாம். அரியும் அரனும் ஒன்றென உணர்த்தும் பொருட்டு அன்னை தவமிருந்த தலம். ஆடித்தபசு விழாவும், பிரசாதமாக வழங்கப்படும் புற்றுமண்ணும் தென்பாண்டி நாட்டார் அனைவரும் அறிந்தவை. மதிய உணவும் ஓய்வும் முடித்து மாலையில் தென்காசியை அடைய வேண்டும். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய விசுவநாதர் ஆலயம் அது. பிற்காலத்தில் இக்கோயிலைப் பேணிக் காப்பவர்களின் திருவடிகளில் தான் விழுந்து வணங்குவதாக அம்மன்னன் கல்வெட்டில் பொறித்துவைத்தான். இடிந்து நின்ற பழைய கோபுரத்துக்குப் பதிலாக இன்றைய கோபுரம் 1990-இல்தான் எழுந்தது. ராஜபாளையம்–தென்காசி நெடுஞ்சாலை கேரளத்துக்குச் செல்லும் சாலை. கனரக லாரிகளின் போக்குவரத்து மிகுதி. இருட்டுமுன் தென்காசியில் இறங்கிவிட வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அன்றைய ஓட்டம் 110 கிலோமீட்டர்தான்.

இரண்டாம் நாள் இந்த யாத்திரையின் நுட்பமான நாள். விடியற்காலையில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் பாபநாசம். பொதிகையில் பிறந்து, தமிழகத்துக்குள்ளேயே ஓடி, புன்னக்காயலில் தமிழகக் கடலிலேயே கலக்கும் தாமிரபரணி, மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடம் அது. நவகைலாயத் தலங்களில் முதலாவதான பாபநாசநாதர் ஆலயத்தின் எதிரே படித்துறை. பித்ரு காரியங்கள் செய்வோர் இங்கேயே நீராடுகின்றனர்.

இங்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீராடிய பின், உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் பரவலாகிவிட்டது. பரிகாரம் என்னும் பெயரில் விடப்படும் வேட்டிகளும் சேலைகளும் பாறைகளில் சுற்றிக்கொண்டு, படித்துறையில் மட்கி, டன் கணக்கில் அள்ளப்படுகின்றன. இன்றைய துணிகளில் பெரும்பகுதி செயற்கை இழை. அது கரைவதுமில்லை, மீன்களுக்கு உணவாவதுமில்லை. தாமிரபரணி இரண்டு மாவட்டங்களுக்குக் குடிநீர் தருகிறது. தன் பாவத்தைக் கரைக்குமாறு தாயிடம் வேண்டிக்கொண்டு, பழந்துணியையும் அவள் மடியிலேயே எறிந்துவிட்டு வருவது எந்த வகைப் பக்தி? ஈரத்துணியைப் பிழிந்து ஒரு பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தால் புண்ணியம் எவ்விதத்திலும் குறையாது. கொடுத்தே தீர வேண்டும் என்றால், உலர்ந்த புதுத் துணியை இல்லாதவர் கையில் கொடுக்கலாம்.

பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அமைந்த இது தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். பரப்பு 895 சதுர கிலோமீட்டர். சோதனைச் சாவடியில் வண்டி சோதிக்கப்படும். பிளாஸ்டிக் பொருள்களும் மதுவும் உள்ளே செல்லக் கூடாது. காட்டுக்குள் காரையாறு செல்லும் வழியில் சொரிமுத்து அய்யனார் கோயில் கொண்டிருக்கிறார். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இவரே குலதெய்வம். பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்புகள் காணிக்கையாகத் தொங்குகின்றன. அடுத்த ஆண்டு வந்து பார்க்கையில் அவை தேய்ந்திருக்கும் என்றும், பட்டவராயன் அவற்றை அணிந்து காட்டில் நடந்ததன் அடையாளம் அது என்றும் பக்தர்கள் கூறுவர். அந்தணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களை மணந்த முத்துப்பட்டனின் கதையைக் கேட்டவர்களுக்கு அந்தக் காணிக்கையின் பொருள் விளங்கும். ஆடி அமாவாசைத் திருவிழாவில் சிங்கம்பட்டி ஜமீன்தார் அரச உடையில் வீற்றிருக்கும் காட்சி புகழ் பெற்றது. அவ்வாறு வீற்றிருந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் மறைந்தார்.

காட்டுக் கோயில் என்பதாலேயே இங்கு ஓர் இழுபறி நெடுங்காலமாக நடந்து வருகிறது. பாட்டன் காலத்தில் குடும்பத்தோடு பல நாட்கள் குடில் அமைத்துத் தங்கினோம், இப்போது மட்டும் ஏன் கட்டுப்பாடு என்று பக்தர்கள் கேட்கின்றனர். பாட்டன் மாட்டு வண்டியில் வந்தார் என்பதையும், அவர் விட்டுச்சென்றது இலையும் சாம்பலும் மட்டுமே என்பதையும் உடன் நினைக்க வேண்டும். திருவிழா நாட்களில் சொந்த வாகனங்களுக்குத் தடை விதித்து அரசுப் பேருந்துகளை இயக்கும் ஏற்பாட்டில் அசௌகரியம் உண்டுதான். ஆயினும் ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே நாளில் புலிக்காட்டுக்குள் நுழைவதை அய்யனாரே விரும்பமாட்டார். காட்டுக்குக் காவல் தெய்வம் அல்லவா அவர்! காரில் செல்லும் குடும்பம் திருவிழா அல்லாத நாளைத் தேர்ந்தெடுத்து, காலையில் உள்ளே சென்று நண்பகலுக்குள் வெளியே வந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. வழியில் குரங்குகளுக்குப் பழமோ பிஸ்கட்டோ வீசுவது புண்ணியம் என்று எண்ணுவோர் அதைக் கைவிட வேண்டும். கையேந்திப் பழகிய குரங்கு சாலையிலேயே அமர்கிறது, சாலையிலேயே அடிபட்டு இறக்கிறது.

கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, களக்காடு வழியாக மாலையில் திருக்குறுங்குடி. நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்று. நின்ற, இருந்த, கிடந்த கோலங்களிலும், திருப்பாற்கடல் நம்பியாகவும், மலைமேல் நம்பியாகவும் பெருமாள் இங்கு அருள்கிறார். ஏகாதசி இரவில் நம்பியைப் பாடச் சென்ற நம்பாடுவானை வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொண்டது. பாடி முடித்துத் திரும்பி வந்து உனக்கு உணவாவேன் என்று அவன் வாக்களித்தான். சொன்னபடியே திரும்பியும் வந்தான். கைசிகப் பண்ணில் தான் பாடியதன் பலனை அவன் அளிக்க, ராட்சசனும் சாபம் நீங்கியது. கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் இக்கதை கோயிலில் நாடகமாகவே நடிக்கப்படுகிறது. யாழிகளும் சிற்பங்களும் நிறைந்த மண்டபத் தூண்களைக் காண்பதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். மலைநம்பி சந்நிதி காப்பகத்து எல்லைக்குள் இருப்பதால், மழைக்காலத்தில் நம்பியாறு பெருகும்போது அனுமதி நிறுத்தப்படும். இரவு தங்கல் கன்னியாகுமரியில். ஏறத்தாழ 45 கிலோமீட்டர்.

தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் செல்வோர், குமரிக்கு முன் நாங்குநேரியில் ஒரு இரவு தங்கி, அதிகாலையில் கூந்தன்குளம் சென்று வரலாம். ஒரு நாள் கூடும். ஆனால் பேரக்குழந்தைகள் உடன் இருந்தால் அந்த ஒரு நாள் அவர்கள் நினைவில் நிலைத்து நிற்கும். கூழைக்கடாக்களும் நாரைகளும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைகள் வருவது ஊருக்கு நல்ல சகுனம் என்று கருதும் கிராமத்தார், தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்கின்றனர். 1994-இல் அரசு சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே ஊரே சரணாலயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை குமரிமுனையில் சூரியோதயம், பகவதி அம்மன் தரிசனம். விவேகானந்தர் பாறைக்குப் படகுப் போக்குவரத்து காலை 8 மணிக்குத் தொடங்கும். பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபின் கூட்டம் மேலும் பெருகியிருக்கிறது. வரிசையில் நெடுநேரம் நிற்க இயலாத பெரியவரைக் கரையிலேயே நிழலில் அமர்த்தி, துணைக்கு ஒருவர் இருந்துவிடலாம். அவருக்கு வேண்டியது கடல் நீராட்டமே தவிர, கண்ணாடிப் பாலம் அன்று. சுசீந்திரம் செல்ல விரும்புவோர் முற்பகலுக்குள் செல்ல வேண்டும். வழியில் தேரூர்க் குளத்தில் நீர்ப்பறவைகளைக் காணலாம்.

பிற்பகலில் கடலோரச் சாலையில் வடகிழக்காகத் திரும்பினால் உவரி. சுயம்புலிங்க சுவாமி சந்நிதிக்கு எதிரே கடல். பக்தர்கள் ஓலைப்பெட்டியில் கடல் மணலைச் சுமந்து வந்து கோயில் முன் குவிப்பது இங்கு நேர்த்திக்கடன். அடுத்து, தசரா விழாவுக்குப் பெயர் பெற்ற குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும் இதே ஊர்ப்பகுதியில்தான். இன்னும் சிறிது உள்ளே சென்றால், செம்மணல் மேடுகள் கடலலைபோல் விரிந்து கிடக்கும் தேரிக்காடு. காற்று இடம் மாற்றி மாற்றிக் குவிக்கும் அந்தச் செம்மணலின் நடுவே கற்குவேல் அய்யனார் இருக்கிறார். கார்த்திகை இறுதியில் நடைபெறும் கள்ளர் வெட்டு விழாவில் அந்த மணலையே பிரசாதமாக எடுத்துச் செல்கின்றனர். மணலில் காரை இறக்கிவிட்டால் சக்கரம் புதைந்துவிடும். தார்ச்சாலையை விட்டு விலகாதிருப்பது நலம்.

திருச்செந்தூரில் இரவு தங்கினால்தான் விசுவரூப தரிசனம் வாய்க்கும். குன்றுதோறாடும் குமரன் கடற்கரையில் நிற்கும் படைவீடு. 2025 ஜூலை 7 அன்று குடமுழுக்கு நடைபெற்ற பின் பக்தர் கூட்டம் ஓய்ந்த நாளே இல்லை எனலாம். பகல் முழுதும் நடை திறந்திருப்பதால், நண்பகலில் வந்து சேர்வோருக்கும் தரிசனம் கிடைக்கும் என்பது இங்குள்ள தனி வசதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கும்போது பாசி படர்ந்த பாறைகள் வெளிப்படும். பலர் அவற்றின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். முதியோரை அங்கு அழைத்துச் செல்லவே கூடாது. நாழிக்கிணற்று நீரில் நீராடினால் போதும்.

தை, மாசி மாதங்களில் இந்தச் சுற்றுவட்டாரத்துச் சாலைகளில் கார் ஓட்டுவோருக்குப் பெரும் பொறுப்பு ஒன்று உண்டு. பச்சை உடுத்தி, பாத யாத்திரையாகத் திருச்செந்தூர் நோக்கி வருவோர் வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியலிலுமே நடக்கின்றனர். சாலையோரத்தில், சில இடங்களில் சாலையிலேயே, வரிசையாகச் செல்வார்கள். களைத்த கால்களுக்குச் சட்டென்று ஒதுங்க வராது. காரில் செல்பவரும் நடந்து செல்பவரும் ஒரே முருகனைக் காணத்தான் போகிறார்கள். அந்த மாதங்களில் சூரியன் உதித்த பின்னரே வண்டியை எடுப்பது என்று உறுதி கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் 220 கிலோமீட்டர். தூத்துக்குடியைக் கடந்ததும் உப்பளங்கள், அப்பால் கிழக்குக் கடற்கரைச் சாலை. வைப்பாறு என்னும் ஊருக்கருகே ஒரு பாலம் வரும். பெரும்பாலான மாதங்களில் அதன் கீழே மணல்தான் தெரியும். கூமாப்பட்டிக்காரர்கள் அங்கு ஒரு நிமிடம் வண்டியை ஓரமாக நிறுத்தலாம். பிளவக்கல் மலையில் பெய்யும் மழை அர்ச்சுனா நதியாகி, வைப்பாற்றில் சேர்ந்து, இந்த இடத்தில்தான் மன்னார் வளைகுடாவை அடைகிறது. வேம்பாரில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு, சாயல்குடி, கீழக்கரை வழியாகச் செல்கையில் வலப்புறம் கடலில் தொலைவில் தெரியும் பசுந்திட்டுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி, பவளப்பாறைகளும் கடற்புற்களும் கடற்பசுக்களும் நிறைந்த 560 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இத்தீவுகளில் விருப்பம்போல் இறங்க இயலாது. பாம்பன் பகுதியில் வனத்துறை ஏற்பாடு செய்யும் படகுச் சவாரியில் செல்லலாம். பவளத்துண்டு, சங்கு என்று எதையும் பொறுக்கி வரக் கூடாது. பூஜையறையில் வைப்பதற்கென்றாலும் அது குற்றமே.

திருப்புல்லாணியில் ஆதிஜெகநாதரைத் தரிசிக்காமல் சேது யாத்திரை நிறைவு பெறாது. கடலைக் கடக்க வழிவிடுமாறு வேண்டி, இராமபிரான் தர்ப்பைப் புல்லில் மூன்று நாட்கள் கிடந்த தலம். அருகில் சேதுக்கரை. ராமேஸ்வரக் கூட்டத்தில் நிற்க இயலாத முதியவர்களுக்குச் சேதுக்கரையிலேயே தர்ப்பணத்தை முடித்துவிடுவது பெரும் நிம்மதி. அமாவாசை அல்லாத நாட்களிலும் இங்கும் ராமேஸ்வரத்திலும் தீர்த்தச் சடங்குகள் நடைபெறுகின்றன. ஆடி, தை அமாவாசைகளில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, இலட்சம் பேர் நடுவே எழுபத்தைந்து வயதுக்காரரை நிறுத்த வேண்டியதில்லை. நேரமிருந்தால் உத்தரகோசமங்கை. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும் மரகத நடராஜரை, ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி ஒரு நாள் மட்டுமே காப்பு களைந்து காணலாம். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தை வேடிக்கை பார்ப்பதால் பின்னால் வருவோர் அனைவரும் தவிக்கின்றனர். பாலத்தைக் கடந்து, கரையில் நின்றும் அதே காட்சியைக் காணலாம்.

ஐந்தாம் நாள் ராமேஸ்வரத்திலேயே. அக்னி தீர்த்தத்தில் நீராடி, ஆலயத்துக்குள் 22 தீர்த்தங்களும் ஆடி, உலர்ந்த ஆடை மாற்றிக்கொண்டே மூலவரைத் தரிசிக்க வேண்டும். தீர்த்தக் கிணறுகளைச் சுற்றிக் கற்தரை எப்போதும் ஈரம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் உண்டு. முதியவர்களுக்கு ஒரு குடத்தில் தீர்த்தம் கொண்டு வந்து தலையில் தெளித்தாலே போதும். இராமநாதர் இதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பவர் அல்லர்.

பிற்பகல் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில், வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலோடு ஊரே கடலில் மறைந்தது. கோதண்டராமர் ஆலயம் மட்டும் தப்பி நின்றது. அரிச்சல்முனை வரை இப்போது நல்ல சாலை உண்டு. அங்குள்ள ஆழமற்ற நீர்ப்பரப்புக்குப் பூநாரைகள் வலசை வருகின்றன. 2025-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பு பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. படம் எடுக்கும் ஆவலில் நீரில் இறங்கி அவற்றை விரட்டினால், வெகு தூரம் பறந்து வந்த பறவைகள் உண்ணாமலே எழுந்து போகும். இங்குக் கடலில் நீராடக் கூடாது. நீரோட்டம் இழுக்கும். மாலைக்கு மேல் எவரையும் தங்கவிடுவதில்லை. திரும்பும் வழியில், நேரமிருந்தால், சிகாகோவிலிருந்து மீண்ட விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்திறங்கிய குந்துகாலையும் பார்க்கலாம். முந்தைய நாள் 220 கிலோமீட்டர், அடுத்த நாள் 250. ஆகவே வண்டி ஓட்டுபவருக்கும் இந்த ஐந்தாம் நாள் இன்றியமையாத ஓய்வு. அன்றிரவு அவர் ஒன்பது மணிக்குள் உறங்கிவிட வேண்டும்.

ஆறாம் நாள் காலை 6 மணிக்குப் புறப்பட்டு, ராமநாதபுரம், பரமக்குடி, அருப்புக்கோட்டை வழியாக வந்தால், நண்பகலுக்கு முன் இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் மாரியம்மன் வீற்றிருக்கிறாள். ஆடிக் கடைசி வெள்ளியன்று மட்டும் இந்த வழியைத் தவிர்க்க வேண்டும். சாத்தூர்ச் சாலை முழுவதும் நடந்து வரும் பக்தர்கள்தான் இருப்பார்கள். மற்ற நாட்களில் அம்மனைத் தரிசித்து, சாத்தூரில் மதிய உணவு முடித்து, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மாலை நான்கரை மணிக்குள் கூமாப்பட்டியை அடைந்துவிடலாம். பால்கோவா வாங்க நிறுத்தினால் ஐந்து மணி.